ரொட்டிக்கடை யார்டு

காலையிலிருந்தே சிலுவைராஜுக்குக் கை ஓடவில்லை. முதல் அடுப்பு ரொட்டி கருகிப் போயிற்று. அடுத்த மாவில் உப்புப் போட மறந்துவிட்டார். நாயுடுபுரத்தில் சிலுவைராஜ் ரொட்டியை யாரும் ஒரு சொல் குறை சொன்னதில்லை. அன்றைக்கென்று பார்த்து இரண்டு வீட்டிலிருந்து திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். மனசு ரொட்டியில் இருந்தால்தானே! மத்தியான பஸ்ஸில் பழனியிலிருந்து தண்டாயுதபாணி வருகிறார். அவர் திரும்பிப் போகும்போது சிலுவைராஜின் என்ஜின் அவர் பைக்குள் இருக்குமா, இருக்காதா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும்.

என்ஜின் என்றால், உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு ஷண்டிங் என்ஜின். மெயில் வண்டியை இழுத்துக்கொண்டு ஊர் ஊராக ஓடும் ஜம்பமெல்லாம் அதற்குக் கிடையாது. ரயில்வே யார்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் போய், கலைந்து கிடக்கும் வேகன்களை இந்த லைனிலிருந்து அந்த லைனுக்குத் தள்ளி வரிசைப்படுத்துவதுதான் அதன் வேலை. அதைப் பொம்மை என்று யாராவது சொன்னால் சிலுவைராஜுக்குச் சுருக்கென்று கோபம் வரும், ஆகையால் நாமும் சொல்ல வேண்டாம். கப்பலேறி ஊருக்குப் போன ஓர் அமெரிக்கப் பாதிரியார், "நீ பார்க்கிற பார்வைக்கு இது உன்னிடம்தான் இருக்க வேண்டும்" என்று கொடுத்துவிட்டுப் போனது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் அவர் ஆசையாகத் தொட்டுத் துடைக்கிற ஒரே பொருள் அதுதான்.

அவரைப் போலவே ரயில் பைத்தியம் பிடித்தவர்கள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த தண்டாயுதபாணி ஒருவர். மிஷன் பள்ளி ஹாஸ்டல் மேட்ரன் கித்தேரியம்மாள் ஒருவர். அடுத்த தெருத் தையல்காரர் பொன்னுவேல் ஒருவர். அறுபத்தொன்றாம் வருஷம் தொடங்கி, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்கடைப் பின்னறையில் கூடுவார்கள். அடுப்புச் சுவர் ஒட்டியே இருப்பதால் கொடைக்கானல் குளிரிலும் அங்கே என்ஜின் எண்ணெய் இறுகாது. பழைய கதவுகளைச் சேர்த்துப் போட்ட மேடை, அதன்மேல் தண்டவாளம், கரண்டுக்கு ஒரு லாரி பேட்டரி. இதுதான் அவர்கள் யார்டு.

அந்த யார்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. தன் என்ஜினைத் தானே ஓட்டக் கூடாது, அடுத்தவர் கையில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். "தன் பிள்ளையத் தானே கொஞ்சுறதுக்கு எதுக்குங்க இத்தனை பேரு?" என்பார் கித்தேரியம்மாள். ஓட்டுகிறவர் தொங்கவிட்ட போர்வைக்குப் பின்னால், கரண்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழைப் பிடித்து உட்கார்ந்துகொள்வார். மேடை அவருக்குத் தெரியாது. போர்வை இடுக்கு வழியாக, எதிர்ச்சுவரோரம் நிற்கும் கொடிக்காரர் மட்டும் தெரிவார். பச்சைக்கொடி தூக்கினால் போக வேண்டும், சிவப்புத் தூக்கினால் நிற்க வேண்டும். கடைசி லைன் மேடை விளிம்போடு முடிகிறது, அங்கே முட்டுக்கட்டை கிடையாது. முட்டுக்கட்டை வைத்தால் அப்புறம் கொடிக்கு என்ன மரியாதை? அப்படியும் ஒருவர் தப்பால் அடுத்தவர் என்ஜின் கெட்டால், தப்புச் செய்தவர் தன் என்ஜினைத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டும். நாலு பேரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்ட பேச்சு அது.

போன மாதம் அந்தச் சிரிப்பு போய்விட்டது. தண்டாயுதபாணி பட்டணத்திலிருந்து ஆசை ஆசையாய் வாங்கிவந்த பச்சை என்ஜின், முதல் ஓட்டத்திலேயே விளிம்பைத் தாண்டிக் கல்தரையில் விழுந்தது. பல்சக்கரம் நொறுங்கி, அச்சு வளைந்து, இனி எந்த ஆசாரியாலும் ஆகாது என்கிற கதியாகிவிட்டது. ஓட்டினது பொன்னுவேல், கொடி பிடித்தது சிலுவைராஜ்.

"நான் செவப்புத்தான் தூக்கினேன்" என்றார் சிலுவைராஜ்.

"ஏலே, பச்சையத் தூக்கிட்டுப் பொய் சொல்லாத. என் கண்ணால பாத்தேன்" என்றார் பொன்னுவேல்.

மற்ற இரண்டு பேரும் வேகன்களையே பார்த்துக்கொண்டிருந்ததால் கொடியைக் கவனிக்கவில்லை. தண்டாயுதபாணி உடைசலைத் துண்டில் முடிந்துகொண்டு பஸ் ஏறிவிட்டார். "அதே ஆளு, அதே லைன், இன்னொரு வாட்டி ஓட்டிப் பாத்துருவோம்" என்று கித்தேரியம்மாள்தான் நாள் குறித்தார். ஒரு மாதமாகச் சிலுவைராஜும் பொன்னுவேலும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் ஒருவர் கோயிலைப் பார்ப்பார், இன்னொருவர் செருப்பைப் பார்ப்பார்.

மத்தியானம் மஞ்சுமூட்டம் இறங்கி ஜன்னலை அடைத்துவிட்டது. தண்டாயுதபாணி வந்தார், தலையை ஆட்டினார், உட்கார்ந்தார். பஞ்சாமிர்த டப்பா எப்போதும்போல் கொண்டுவந்திருந்தார். ஆனால் திறந்து வைக்கவில்லை.

"யாரு என்ஜின் ஓடுது இன்னைக்கு?" என்று கேட்டார்.

"என்னுதுதாண்ணே. விழுந்தா என்னுதே விழட்டும்" என்றார் சிலுவைராஜ்.

கித்தேரியம்மாள் நல்ல மனுஷி. விளிம்புக்குக் கீழே கம்பளியை நாலாக மடித்துப் போட்டு, விழுந்தாலும் உடையாதபடி பண்ணிவிட்டார். அப்புறம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சட்டம் பேசினார். "நான் இன்னைக்கு வேகனப் பாக்கப் போறதில்ல, கொடியவேதான் பாக்கப் போறேன். செவப்புத் தூக்கியும் வண்டி நிக்கலன்னா தப்பு பொன்னுவேலு மேல. நின்னுச்சுன்னா, போன தடவ கொடிதான் மாறியிருக்கு. சரிதானே, சிலுவை?"

"சரிங்க மேட்ரனம்மா."

பொன்னுவேல் போர்வைக்குப் பின்னால் போனார். போகிறபோது, "என் கண்ணு மேலயே சந்தேகமா! நல்லாத்தான் இருக்கு" என்று முணுமுணுத்தார்.

சிலுவைராஜ் எதிர்ச்சுவரோரம் போய் நின்றார். வலதுகையில் சிவப்பு, இடதுகையில் பச்சை. எப்போதும் அப்படித்தான் பிடிப்பார். எண்ணெய் போட்டுத் துடைத்த அவர் என்ஜின் லைனில் நின்றது.

இடதுகையைத் தூக்கிப் பச்சை காட்டினார். என்ஜின் அசையவில்லை.

"ஏலே, கை தெரியல! சுவத்தோட ஒட்டிக்கிட்டு நிக்காத, இந்தப் பக்கமா நகரு. நீ எந்தக் கையத் தூக்குறேன்னே தெரியல!" என்று போர்வைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

சிலுவைராஜ் ஓரடி நகர்ந்து மறுபடி காட்டினார். என்ஜின் மெல்லப் புறப்பட்டது. இரண்டு வேகன்களை முட்டி, கோத்துக்கொண்டு, கடகடவென்று நகர்ந்தது.

எந்தக் கை என்று எதற்குக் கேட்கிறான்? எந்தக் கையாக இருந்தால் என்ன, கொடியைத்தானே பார்க்க வேண்டும்? சிலுவைராஜுக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சலோடு எரிச்சலாக இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது.

போன மாதம் அவர் வலதுகையில் கட்டுப் போட்டிருந்தார். அடுப்புக் கதவு சுட்டு, மணிக்கட்டை மடக்க முடியாமல் வீங்கிக் கிடந்த கை. அவசரத்துக்குத் தூக்க வேண்டியது சிவப்புத்தானே, அது நல்ல கையில் இருக்கட்டும் என்று அன்றைக்கு வண்டி புறப்பட்டதும் இடதுகைக்கு மாற்றிக்கொண்டார். சிவப்பைத்தான் தூக்கினார், சத்தியமாகத் தூக்கினார், ஆனால் இடதுகையால் தூக்கினார்.

அட கடவுளே! இவன் கொடியைப் பார்க்கவே இல்லையா? இத்தனை நாளும் கையைப் பார்த்தா ஓட்டிக்கொண்டிருந்தான்?

அப்புறம் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. தையல் கடையில் நூல்கண்டு எடுத்துக் கொடுப்பது எப்போதும் அவன் பெண்டாட்டி கண்மணி. அவள் கோயிலுக்குப் போயிருந்தால் அவன் வெட்டுவான், அளவெடுப்பான், மிஷினை மட்டும் தொட மாட்டான். "ராணி வந்து நூல் கொடுத்தாத்தான் ராசா மிதிப்பாரோ?" என்று சிலுவைராஜே எத்தனை தடவை கேலி பண்ணியிருக்கிறார்! இந்த இரண்டு கொடிக்கும் துணி எடுத்துக் கொடுத்தவள்கூட அவள்தான். ரயில்வே வேலைக்குப் போனவனை டாக்டர் சோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மார்பளவு பத்தவில்லை என்று வந்து சொன்னான். பொன்னுவேலுக்கா மார்பளவு பத்தாது? அண்டா மாதிரி உடம்பு! ஊருக்கே அளவெடுக்கிறவனை ரயில்வேக்காரன் தப்பாக அளந்துவிட்டான் என்று இந்த அறையில்தான் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிவப்பும் பச்சையும் அவனுக்கு ஒன்றுதான். மஞ்சு இறங்கின வெளிச்சத்தில் சுத்தமாக ஒன்று.

என்ஜின் கடைசி லைனுக்குத் திரும்பியது.

சிலுவைராஜுக்கு ரத்தம் குப்பென்று ஏறியது. நான் பொய் சொல்லவில்லை! ஒரு மாதமாக நானே என்னைச் சந்தேகப்பட்டேனே, கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று பயந்தேனே! இப்போது சிவப்பை இடதுகைக்கு மாற்றித் தூக்கினால் போதும். வண்டி நிற்காது. மேட்ரனம்மா கண்கொட்டாமல் கொடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ஜின் கம்பளியில் விழும், ஒரு கீறல் விழாது. என் சொல்லும் நிற்கும், என் என்ஜினும் என்னிடமே இருக்கும்.

இரண்டு கொடிகளையும் தாழ்த்தி, கழியோடு கழி சேர்த்து மாற்றினார். சிவப்பு இடதுகைக்கு வந்துவிட்டது.

என்ஜின் பாதி லைனைத் தாண்டியது. கித்தேரியம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் முன்னால் குனிந்தார். அந்தக் கண்ணாடிதான் போன வருஷம் நீலப் பாவாடை மடிப்பில் பச்சை நூலைக் கண்டுபிடித்தது. அன்றைக்கே, அதுவரை பள்ளிக்குத் தைத்துவந்த இன்னொரு தையல்காரர் பள்ளி வாசலை மறக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் பள்ளி யூனிபாரம் மொத்தமும் பொன்னுவேல் கைக்கு வந்தது. வருஷம் முழுக்க அந்தக் குடும்பம் கஞ்சி குடிப்பது அதில்தான். நிறம் தெரியாத தையல்காரனுக்கு இந்த மலையில் யார் துணி கொடுப்பார்கள்? கண்மணி எடுத்துக் கொடுக்கிறாள் என்று சொன்னால் மேட்ரனம்மா கேட்பாரா? கேட்கவே மாட்டார்.

"ஏலே, என்ன கொடியையே காணும்? போறதா நிக்கிறதா?" என்று போர்வைக்குள்ளிருந்து பொன்னுவேல் கத்தினார்.

என்ஜின் விளிம்பை நெருங்கிவிட்டது. தண்டாயுதபாணி எழுந்தே நின்றுவிட்டார். சிலுவைராஜின் இடதுகை பாதி உயர்ந்தது. பாவி, நீ மட்டும் என்னைப் பொய்யன் என்று சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காதேடா!

சட்டென்று சிவப்பை வலதுகைக்குப் பிடுங்கி, தலைக்கு மேல் தூக்கினார்.

என்ஜின் நின்றது. முன்சக்கரம் தண்டவாளத்தின் கடைசி நுனியில் நின்றது.

பேட்டரிக் கம்பியைக் கித்தேரியம்மாள்தான் கழற்றினார். "செவப்பு. நின்னுருச்சு. நான் பாத்தேன்" என்றார். அவர் குரலில் சந்தோஷமே இல்லை. "அப்ப போன தடவ என்ன நடந்துச்சு, சிலுவை?"

சிலுவைராஜ் கொடிகளைச் சுருட்டினார். "பச்சையத்தான் தூக்கிட்டேன் போலருக்கு. கைவலி மும்மரத்துல புத்தி பிசகிருச்சு. மன்னிச்சுக்கோங்கண்ணே."

தண்டாயுதபாணி கோபக்காரர்தான், ஆனால் கெட்டவர் இல்லை. "அன்னைக்கே இதச் சொல்லியிருந்தா எனக்கு எவ்வளவோ ஆறியிருக்கும். ஒரு மாசமா ஏப்பா சாதிச்ச?" என்று கேட்டார். சிலுவைராஜ் என்ஜினை எடுத்து, வேட்டி நுனியால் ஒருதரம் துடைத்து, அவர் கையில் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்க முடியவில்லை. தண்டாயுதபாணி கொஞ்ச நேரம் பொறுத்திருந்து, பிறகு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

போர்வையை விலக்கிக்கொண்டு பொன்னுவேல் வெளியே வந்தார். முகமெல்லாம் வெற்றி. "நான் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்ல, பச்சைன்னு! இனிமே இவன் கொடி பிடிக்க வேணாம் மேட்ரனம்மா. நீங்க பிடிங்க, இல்ல அண்ணன் பிடிக்கட்டும்."

கித்தேரியம்மாளும் சரியென்று கொடிகளுக்குக் கை நீட்டினார். சிலுவைராஜுக்குப் பகீரென்றது. இந்தம்மா இடதுகைப் பழக்கம் உள்ளவர். சிவப்பை அந்தக் கையில் பிடித்தால் எல்லாம் போச்சு!

"கொடி யாரு வேணும்னாலும் பிடிங்க. ஆனா ஒண்ணு" என்றார் சிலுவைராஜ். குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னும் பலமாகச் சொன்னார். "செவப்பு எப்பவும் வலதுகையிலதான் இருக்கணும். யாரு பிடிச்சாலும் சரி. கையில கட்டுப் போட்டிருந்தாலும் மாத்தக் கூடாது. இத ஒரு வழக்கமா வச்சுக்கங்க."

"நல்ல கதை! பிசகினது நீ, சட்டம் எங்களுக்கா? நாங்க என்ன கண்ணு அவிஞ்சா கெடக்கோம்..." என்று சிரிக்க ஆரம்பித்த பொன்னுவேல் பாதியில் நிறுத்திவிட்டார்.

அவர் பார்வை சிலுவைராஜின் வலது மணிக்கட்டுக்குப் போயிற்று. சுட்ட தோல் உரிந்து, அங்கே புதுத்தோல் பளபளவென்று இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றார். மேலுதட்டில் முத்து முத்தாக வேர்த்துவிட்டது.

"என்ன பொன்னுவேலு, பேச்சயே காணும்? சிலுவை சொல்றது நல்ல யோசனைதான், செவப்பு வலதுகையிலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கித்தேரியம்மாள் தன் என்ஜினை லைனில் வைத்துவிட்டுக் கம்பளியை உதறி மடிக்கப் போனார். தண்டாயுதபாணி அப்போதுதான் பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்தார்.

பொன்னுவேல் கிட்டே வந்தார். மற்றவர்கள் காதில் விழாதபடி, "அன்னைக்கு அந்தக் கையிலதானே கட்டு?" என்றார்.

"ஆமா."

"அண்ணன் பையில இருக்குறது உன் என்ஜினுடா. நான் போய்ச் சொல்லிர்றேன்."

"சொல்லி? உன் பெண்டாட்டி பிள்ளைக்கு யாரு சோறு போடுவா, நானா? வாய மூடிக்கிட்டு உன் சோலியப் பாரு."

பொன்னுவேலுக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுகிற முகத்தை அவர்கள் பார்த்தால் காரணம் கேட்பார்களே என்று சிலுவைராஜ் அவர் தோளைப் பிடித்துத் திருப்பி, மறுபடி போர்வைக்குப் பின்னால் தள்ளினார்.

"ஓட்டு வெரசா. மேட்ரனம்மா என்ஜின் லைன்ல காத்துக் கெடக்கு."