டிமிட்ரோ ஹவ்ரிலுக் போட்ட ஓட்டு

அந்த உறை பைக்குள் எங்கோ கிடக்கிறது என்பது லேசியாவுக்கு மட்டும்தான் தெரியும்.

சனிக்கிழமை காலை பத்து மணி. கனடாவின் டோலினா என்ற சின்ன ஊரில், கர்லிங் கிளப் மாடியில் நீளமான மேஜை ஒன்றைப் போட்டிருந்தார்கள். கீழே பனித்தளத்தில் கல்லைச் சறுக்கி விடும் போட்டி ஏதோ நடந்துகொண்டிருந்தது. கல்லோடு கல் மோதும் சத்தம் தரை வழியே காலுக்கு வந்தது. மேஜை நடுவில் தபால் ஓட்டுகள் நிறைந்த துணிப்பை, அரக்கு முத்திரையோடு. பக்கத்தில் ஓட்டுப்பெட்டி. லேசியா ஹவ்ரிலுக்கின் கோட்டில் ‘தேர்தல் அதிகாரி’ என்று எழுதிய அட்டை குத்தியிருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்தவன் அவளுடைய தம்பி மைரன். ஐந்து வயது இளையவன். பதினொரு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

காரணம் ஊருக்கே தெரியும். லேசியாவின் கணவர் டிமிட்ரோ பழைய கட்சியின் ஆள். முப்பது வருஷம் அதற்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர். கடைசியில் கட்சி அவரையே வேட்பாளராக நிறுத்தியது. அதே தேர்தலில்தான் மைரன் புதிதாக முளைத்த மேற்குக் கட்சிக்குப் போய், மச்சானுக்கு எதிராக வாசல் வாசலாக நின்று ஓட்டுக் கேட்டான். வலதுசாரி ஓட்டு இரண்டாகப் பிளந்தது. நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் டிமிட்ரோ தோற்றார். நடுவில் புகுந்து ஜெயித்தவன் இடதுசாரிக்காரன். அன்றோடு அக்கா வீட்டு வாசல் மைரனுக்கு அடைத்துப் போனது. டிமிட்ரோ செத்தபோது மட்டும் வந்தான். சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தான். சாப்பிடாமல் போய்விட்டான்.

டிமிட்ரோ போய் ஒரு வருஷத்தில் இரண்டு கட்சிகளும் ஒன்றாகிவிட்டன. ஒன்றான கட்சிக்குத் தலைவர் வேண்டும். மூன்று பேர் நின்றார்கள். உண்மையான போட்டி இருவருக்குள்தான். ஆல்பெர்ட்டாக்காரர் கார்த் ஹெம்மிங், மேற்குக் கட்சியின் ஆள். ஒன்டாரியோவின் ஜோசலின் ஃபேரோ, பழைய கட்சிக்காரி. தொகுதிக்கு நூறு புள்ளி, அதை வாங்கிய ஓட்டுக்கேற்பப் பிரிப்பது என்பது விதி. ஐயாயிரம் உறுப்பினர் இருந்தாலும் நூறுதான், இருநூறு பேர் இருந்தாலும் நூறுதான். அதனால்தான் இந்தச் சின்னத் தொகுதிக்குக்கூட சாஸ்கடூனிலிருந்து வக்கீல் ஒருவன் காரோட்டி வந்திருந்தான். ஃபேரோவின் முகவர். பெயர் கொலின் ஸ்ட்ராஹன். முப்பது வயதிருக்கும். ஹெம்மிங்குக்கு முகவர் மைரன்.

ஜனவரியில் லேசியாவின் வீட்டுக்கு இரண்டு ஓட்டுச் சீட்டுகள் வந்தன. ஒன்று அவளுக்கு. இன்னொன்று ‘திரு. டிமிட்ரோ ஹவ்ரிலுக்’ என்று. பழைய பட்டியலை யாரும் திருத்தவில்லை. அதைக் கிழித்துப் போடத்தான் எடுத்தாள். ஆனால் அந்த மனுஷன் ஆயுள் முழுக்கக் காத்திருந்த ஓட்டு அல்லவா அது. ‘ரெண்டும் ஒண்ணாகாம நான் கண்ணை மூட மாட்டேன்’ என்று சொல்லிச் சொல்லியே கண்ணை மூடியவர். சமையலறை மேஜையில் உட்கார்ந்து சீட்டில் வேட்பாளர்களின் பெயருக்கு எதிரே விருப்ப வரிசைப்படி ஒன்று, இரண்டு என்று எண்களை எழுதினாள். உறுதிமொழித் தாளில் அவர் கையெழுத்தைப் போட்டாள். அவருடைய ஓட்டுநர் உரிமத்தின் நகலையும் வைத்து ஒட்டி, மனசு மாறுவதற்குள் தபாலில் போட்டுவிட்டாள்.

மூன்று வாரம் கழித்துக் கட்சித் தலைமையகத்திலிருந்து போன் வந்தது. தொகுதிக்குத் தேர்தல் அதிகாரி வேண்டும், இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட ஒரே பெயர் உங்களுடையது என்றார்கள். மேற்குப் பக்கத்தில் யார் ஒப்புக்கொண்டது என்று கேட்டாள்.

“மைரன் கோஸ்டியுக். ‘அக்கா எண்ணினா சரியா இருக்கும், நான் கேள்வி கேக்க மாட்டேன்’னு சொன்னாரு.”

பதினொரு வருஷத்தில் தம்பி வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. அதற்கு மேல் மாட்டேன் என்று சொல்ல அவளால் முடியவில்லை. பை கைக்கு வந்ததும் அந்த உறையை நைசாக எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் தபாலில் வந்ததெல்லாம் பூட்டிய அறையில் இருந்தது. வெள்ளிக்கிழமை வக்கீலும் மைரனும் சேர்ந்து பைக்கு முத்திரை வைத்துவிட்டார்கள்.

“ஆரம்பிக்கலாமா மேடம்?” என்றான் ஸ்ட்ராஹன். “மிஸ்டர் கோஸ்டியுக் உறையைப் பிரிக்கட்டும். நீங்க பட்டியல்ல டிக் போடுங்க. கையெழுத்தையும் அடையாள நகலையும் நான் பாக்கிறேன். சரியா இருந்தா ஓட்டுச் சீட்டு இருக்கிற உள் உறை பெட்டிக்குள்ள. பெட்டிக்குள்ள போனப்புறம் எது யாரோடதுன்னு கடவுளுக்கே தெரியாது.”

ஒரு மணி நேரம் ஓடியது. மைரன் வெளி உறையைக் கிழிப்பான், பெயரைச் சொல்வான், தாளை வக்கீலிடம் நீட்டுவான். லேசியா பென்சிலைப் பிடித்திருந்த விரல்கள் வேர்த்துப் போயிருந்தன. ஒவ்வொரு உறைக்கும் மூச்சைப் பிடித்து, இது இல்லை என்று தெரிந்ததும் விட்டாள்.

தொண்ணூறுக்கு மேல் தாண்டியிருக்கும். மைரன் ஒரு உறையைக் கிழித்தான். தாளை விரித்தான். பெயரைச் சொல்லவில்லை.

லேசியா நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

“என்னாச்சு?” என்றான் வக்கீல்.

“இது செல்லாது.” மைரன் தாளை உறைக்குள் திணித்து, செல்லாத கூடையில் போட்டான். “கையெழுத்து சரியில்ல.”

“அதை நான்ல சொல்லணும்?” ஸ்ட்ராஹன் எழுந்து வந்து கூடையிலிருந்து உறையை எடுத்தான். “கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு. லைசென்ஸ் நகல் இருக்கு. ரெண்டும் ஒத்துப்போகுது. எந்த ஊர்ல சார் இது செல்லாது?”

“சொன்னா கேளுங்க தம்பி. விட்டுடுங்க.”

“தம்பியா? காலையிலேர்ந்து உங்க ஆளுங்க ஓட்டு ஒண்ணுகூடக் கூடைக்குப் போகல. பட்டியல்ல பழைய கட்சின்னு இருக்கிற பேரு வந்ததும் கை கூடைக்குப் போகுதா?” அவன் தாளைத் தூக்கிப் பிடித்தான். “டிமிட்ரோ ஹவ்ரிலுக். இவர உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?”

“தெரியும்.”

“இந்தத் தொகுதியிலதான் இருக்காரா?”

மைரன் ஜன்னல் பக்கம் பார்த்தான். வெளியே சாலைக்கு அப்பால் வயல் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது.

“இங்கதான் இருக்காரு. ஊருக்கு வடக்கே.”

ஊருக்கு வடக்கே தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் தவிர ஒன்றும் இல்லை. ‘ஆள் செத்துட்டாரு’ என்று இரண்டு வார்த்தை சொன்னால் மைரன் தப்பித்துவிடுவான். எதிர்ப்பக்கத்து ஓட்டு ஒன்று ஒழிந்தது என்று சந்தோஷமும் படலாம். அவன் சொல்லவில்லை. அக்காவுக்காகத் திருடன் பட்டத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“அப்புறமென்ன? இது செல்லும்.” ஸ்ட்ராஹன் உள் உறையை உருவினான். பெட்டியின் வாய் வரைக்கும் கொண்டுபோனவன் நின்றான். “ஹவ்ரிலுக்… மேடம், உங்க சொந்தமா?”

“வீட்டுக்காரர்.”

“அப்ப வேலை சுலபம்.” தாளை அவள் முன்னால் வைத்தான். “நீங்களே சொல்லுங்க. இது அவர் போட்ட கையெழுத்துதானே?”

ஆமாம் என்று சொன்னால் போதும். உறை பெட்டிக்குள் விழுந்துவிடும். அப்புறம் கடவுளுக்கே தெரியாது என்று அவனேதான் சொன்னான். மைரன் அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். சொல்லிவிடு என்கிறானா, வேண்டாம் என்கிறானா, புரியவில்லை. கீழே யாரோ ஆட்டக்காரன், கல்லுக்கு முன்னால் பனியைத் தேய்க்கச் சொல்லி, தேய் தேய் என்று கத்தினான்.

“இல்ல,” என்றாள் லேசியா. “நான் போட்டது. அவர் போன அக்டோபருக்கு முந்தின அக்டோபர்ல செத்துட்டாரு.”

ஸ்ட்ராஹன் உறையை ஏதோ சூடான பொருள் மாதிரி மேஜையில் வைத்தான். மைரனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“உங்களுக்குத் தெரியுமா சார் இது?”

“அவரு சவப்பெட்டியத் தூக்கினவன் நான். தெரியாம இருக்குமா?”

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. வக்கீல் மூலைக்குப் போய் டொராண்டோவில் இருக்கும் கட்சித் தலைமையகத்துக்குப் போன் போட்டான். தொகுதி எண்ணிக்கையையே ரத்து செய்யலாமா என்று அங்கே யோசிப்பது இங்கே கேட்டது. லேசியா கோட்டிலிருந்து அட்டையைக் கழற்றினாள். ஊசி துணியில் சிக்கி வர மறுத்தது. பட்டியலில் அதுவரை போட்ட டிக்குகளை எண்ணிக் கீழே எழுதிக் கையொப்பமிட்டாள். இந்த முறை தன் பெயரை.

“ஏன்க்கா?” மைரன் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான். “வாயத் திறக்காம இருந்திருக்கலாம்ல? நான் பாத்துக்கிட்டிருப்பேன்ல?”

“நீ என்னத்தடா பாத்துக்குவே? கூடையில போட்டு மாட்டிக்கிட்டு முழிச்சே.”

ஸ்ட்ராஹன் போனை வைத்துவிட்டு வந்தான். குரலில் இருந்த முறைப்பு போயிருந்தது. “இதுவரை பாத்தது எல்லாம் செல்லும்னுட்டாங்க, நான் பக்கத்திலயே இருந்ததால. மிச்சத்தை நானும் அவரும் சேர்ந்து பண்ணணுமாம். நீங்க இங்க இருக்கக் கூடாது மேடம். கட்சி உங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பும்.” கொஞ்சம் தயங்கினான். “நீங்களா சொல்லலேன்னா என்னைக்குமே யாரும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. அதையும் அவங்ககிட்ட சொன்னேன்.”

லேசியா படி இறங்கினாள். கீழே கண்ணாடிக்குப் பின்னால் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த ஐந்தாறு பேர் அவளைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். அதற்குள் செய்தி இறங்கிவிட்டிருந்தது. ‘நேர்மைன்னா லேசியா’ என்று முப்பது வருஷம் சொன்ன வாய்கள். மருந்துக்கடைக்காரி மட்டும் பக்கத்தில் இடம் ஒதுக்கினாள். லேசியா உட்காராமல் வெளியே போய் வண்டியில் ஏறி, எஞ்சினைப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தாள். வீட்டுக்குப் போகவும் கால் வரவில்லை.

மூன்று மணி வாக்கில் மைரன் வந்து கண்ணாடியைத் தட்டினான். அவள் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே ஏறி உட்கார்ந்து பூட்ஸில் இருந்த பனியை உதறினான்.

“மொத்தம் இருநூத்திப் பதினாலு. ஹெம்மிங் நூத்தி ஒம்பது. ஃபேரோ தொண்ணூத்தேழு. இன்னொருத்தருக்கு எட்டு.”

“அந்த ஒண்ணு சேர்ந்திருந்தாலும்…”

“ஒண்ணும் ஆயிருக்காது. நாடு பூரா எங்காளுதான் முன்னால. முதல் சுத்துலயே முடிஞ்சிடும்கிறாங்க.”

‘எங்காளு’ என்று சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். வண்டியின் சூட்டுக்காற்று இருவர் முகத்திலும் அடித்தது.

“அக்கா. ஒண்ணு கேக்கலாமா?”

“கேளு.”

“அத்தானுக்காக யாருக்குப் போட்டே? முதல் இடம் ஃபேரோன்னு தெரியும். ரெண்டாவது?”

“உங்காளுக்குத்தான்.”

மைரன் அவள் பக்கம் திரும்பினான்.

“நானா போடல,” என்றாள் லேசியா. “அவர் இருந்திருந்தா அப்படித்தான் போட்டிருப்பாரு. என்னோட சீட்டுல ரெண்டாவது இடத்தைக் காலியா விட்டேன். எனக்கு மனசு வரல. அவருக்கு உன்மேல கோபமே இல்லடா மைரன். இருந்ததெல்லாம் எனக்குத்தான்.”

மைரன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். காது சிவந்திருந்தது. கிளப் வாசலில் வக்கீல் தன் கார் கண்ணாடியின் உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“மத்தியானம் சாப்பிட்டியா?” என்று கேட்டாள்.

“இல்ல.”

“முட்டைக்கோஸ் சுருள் இருக்கு. நேத்து செஞ்சது. வர்றதுன்னா வா.”

“என் வண்டி அங்க நிக்குது.”

“நிக்கட்டும்,” என்று லேசியா கியரைப் போட்டாள்.