ஒடுக்கு எடுத்த கூரை

அந்தச் செய்தியை அவரிடம் சொன்னேனா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. சொன்னதாக ஒரு நினைவு இருக்கிறது. நான் அடுப்படியில் நிற்கிறேன், அவர் வாசலில் செருப்பு மாட்டுகிறார், "கூரையில எதையும் தொடக்கூடாதாம்" என்கிறேன். ஆனால் அப்போது நாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை என்பதும் நினைவிருக்கிறது. இரண்டில் ஒன்று பொய்.

அவர் என் கணவர். அடிவாங்கிய கார்களுக்கு ஒடுக்கு எடுக்கும் டிங்கர். பட்டறை இரண்டு தெரு தள்ளி இருந்தது. வீட்டில் கீழே கூடமும் அடுப்படியும், மேலே தகர ஷீட் போட்ட ஓர் அறையும். மேலறையில் என் அம்மா இருந்தாள். அவளுக்கு நுரையீரல் சரியில்லை. ஈரம் ஆகவே ஆகாது, வெயில் வரும் இடத்தில் வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கீழே வெயில் எட்டிப் பார்க்காது.

திங்கட்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். முதலில் காற்றுதான் வந்தது. நான் மாடியேறுவதற்குள் ஓரத்து ஷீட் இரண்டும் பிய்த்துக்கொண்டு போய்விட்டன. பிறகு ஆலங்கட்டி, எலுமிச்சம்பழம் அளவில். தகரத்தில் அது விழுந்த சத்தத்தில் அம்மா இருமுவது கேட்கவில்லை. தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. கட்டிலை உள்மூலைக்கு இழுத்துவிட்டுக் கீழே ஓடி, போர்த்த ஏதாவது கிடைக்குமா என்று அலமாரியைத் திறந்தேன். காலி. வீட்டிலிருந்த நான்கு கம்பளிகளும் இல்லை.

ஐந்து மணிக்கு அவர் அந்த நான்கையும் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நீர் சொட்டியது. வானம் கறுத்ததுமே பின்கதவு வழியாக வந்து எடுத்துப் போயிருக்கிறார், பட்டறை வாசலில் நின்ற கார்களை மூடுவதற்கு.

"ஒரு வண்டிக்கும் ஒரு கீறல் இல்ல," என்றார்.

"எங்கம்மாவுக்கு?"

"நம்மள நம்பி விட்டுட்டுப் போன வண்டிங்க. நேத்துதான் பெயின்ட் அடிச்சது."

"எங்கம்மாவுக்கும் பெயின்ட் அடிச்சிருந்தா ஒரு கம்பளி கிடைச்சிருக்கும்."

அதோடு பேச்சு நின்றது. எனக்குக் கோபம் வந்தால் கத்த வராது, வாய் பூட்டிக்கொள்ளும். அவரும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் ஒருமுறை பதினொரு நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். தட்டு வைக்கும் சத்தத்திலேயே குடும்பம் நடந்தது. இந்த முறை அவர் மாடி ஓரத்தில் தார்ப்பாய் கட்டினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அப்போதும் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை, வீட்டுக்குப் போட்டிருந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் போன் செய்தார்.

"வியாழக்கிழமை பத்து மணிக்கு வர்றேம்மா. தார்ப்பாய் போட்டது சரி. மத்தபடி எதையும் தொடாதீங்க. ஒவ்வொரு அடியும் அப்படியே இருக்கணும். கண்ணால பார்த்தாதான் எழுத முடியும்."

சரி என்றேன். கூரை முழுக்க அம்மை போட்டதுபோல ஒடுக்கு. அதன்மேல் பூச்சு வெடித்திருந்தது. எல்லா ஷீட்டையும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், பெருமழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் அம்மாவின் தலைமேல் புதுக் கூரை வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். காலண்டரில் எழுதினேன்: வியாழன் 10, சர்வேயர்.

புதன்கிழமை காலை அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே, வரிசை, மறுபடி வரிசை. திரும்பும்போது ஐந்தரை. அவர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். பட்டறைக்குப் போகாமல் இருந்தது அதிசயம். தலை முழுக்கத் துருப்பொடி.

அம்மாவை மெதுவாக மேலே ஏற்றினேன். கட்டிலில் படுத்தவள் அண்ணாந்து பார்த்தாள்.

"ஏன்டி, கூரைய மாத்திட்டாங்களா?"

நானும் பார்த்தேன். ஒரு ஒடுக்கு இல்லை. மூலையில் மேஜை, அதன்மேல் மரச்சுத்தியல், தட்டும்போது முட்டுக் கொடுக்கும் மணல் பை. தனி ஆளாக, உள்ளேயும் மேலேயும் மாறி மாறி ஏறி, நாள் முழுக்கத் தட்டியிருக்கிறார். இஸ்திரி போட்டதுபோல இருந்தது தகரம். நன்றாக இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும்.

அவர் படிக்கட்டில் நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். அது அவருடைய மன்னிப்பு. எனக்குப் புரிந்தது.

"நாளைக்கு சர்வேயர் வர்றார்," என்றேன்.

"தெரியும். காலண்டர்ல பார்த்தேன். வர்ற மனுஷன் முன்னாடி அசிங்கமா இருக்கக்கூடாதுல்ல."

நான் கீழே இறங்கிப் போய் காலண்டரைப் பார்த்தேன். தொடாதே என்று அதில் எழுதவில்லை.

மறுநாள் சர்வேயர் ஏணியில் ஏறி நாலாபுறமும் பார்த்தார். கையால் தடவிப் பார்த்தார்.

"ஓரத்துல ரெண்டு ஷீட் போயிருக்கு, சரி. ஆலங்கட்டி எங்கே விழுந்துச்சு?"

"எல்லா இடத்துலயும்தான் சார்," என்றார் இவர். குரலில் ஒரு பெருமிதம். "தெரியாது. தெரியக்கூடாது, அதான் வேலை."

"பூச்சு வெடிச்சது பழசாக்கூட இருக்கலாம். தெரியாததை நான் எப்படிங்க எழுதறது?"

இவர் முகம் அப்போதுதான் மாறியது. "வேணும்னா மறுபடி அடிச்சுக் காட்டட்டுமா சார்? எங்கெங்க விழுந்துச்சுன்னு கைக்குத் தெரியும்."

கட்டிலில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை.

சர்வேயர் இறங்கி வந்தார். "தொடாதீங்கன்னு போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. யார்கிட்ட சொன்னேன்?"

என் கணவர் என்னைப் பார்த்தார்.

"நான் இவர்கிட்ட சொல்லிட்டேன் சார்," என்றேன். "இவர்தான் காதுல வாங்கல."

தார்ப்பாய் ஒருமுறை அடித்துக்கொண்டது.

"ஆமா சார்," என்றார் என் கணவர். "சொன்னா. எனக்குத்தான் கை நிக்கல."

நீ சொல்லவே இல்லை என்று அவர் கத்தியிருந்தால் நான் இரண்டு மடங்கு கத்தியிருப்பேன். ஏதோ ஒன்று தீர்ந்திருக்கும். அவர் ஒப்புக்கொண்டார். கம்பளிக்காக நான் சேர்த்து வைத்திருந்த கோபம் அத்தனையும் அந்த ஒரு வரியில் செல்லாமல் போனது. அதற்காக அவர்மேல் வந்த கோபம் வேறு. அது இன்னும் இருக்கிறது.

பெருமழை வந்ததும், பூச்சு வெடித்துத் துருவேறிய இடங்களிலும் தட்டியதில் தளர்ந்த ஸ்க்ரூ ஓட்டைகளிலும் ஒழுகியது. பதினேழு இடம். வீட்டுப் பாத்திரம் போதவில்லை.

"ஆலங்கட்டி பாக்கி வெச்சதை மாப்பிள்ளை முடிச்சு வெச்சுட்டார்," என்றாள் அம்மா. "அவர் கையில சுத்தியல் இருக்கு, தட்டிட்டார். உனக்கு இருக்கறது வாய் ஒண்ணுதான். அதைப் பூட்டிவெச்சு என்னடி பண்ணப்போற?"

நான் நிரம்பிய பாத்திரத்தை எடுத்துப் போய்க் கொட்டினேன்.

மறுநாளே அம்மாவின் கட்டிலைக் கீழே வெயில் வராத கூடத்துக்கு இறக்கினோம். நான்கு வருடம் அங்கேயே கிடந்து செத்துப்போனாள். நுரையீரல்தான். ஓரத்து ஷீட் இரண்டையும் கம்பெனி மாற்றிக் கொடுத்தது. மற்றவற்றை மூன்றாம் வருடம் அவரே மாற்றினார்; அதற்குள் அம்மாவால் படியேற முடியாமல் போயிருந்தது. பழைய தகரம் பட்டறைக்குப் பின்னால் வேலியாக நிற்கிறது. சர்வேயரைப் பிறகு நாங்கள் பார்க்கவில்லை. இவருக்கு இப்போது பார்வை குறைந்துவிட்டது. தடவிப் பார்த்து ஒடுக்கு எடுக்கிறார். மேலறையில் நான் புத்தகம் படிக்கிறேன். சொன்னேனா என்று அவரிடம் கேட்டதில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.