தண்ணி ஊத்திக்கிட்டு ஓட்டியவன்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது ஒரே ஒரு சொல். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், கண்ணுகளா.

வாடகைக் காரில் போய்க்கொண்டிருந்தேன். சிக்னலில் நின்றபோது ஓட்டுகிறவர் கைபேசியில் யாரிடமோ, "தினமும் தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் ஓட்டறேன், வீட்ல சொல்லல" என்றார். பின்சீட்டில் நான் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் ரேடியேட்டரைப் பற்றிப் பேசுகிறார் என்று புரிந்தது. போன உயிர் திரும்பி வந்தது. எனக்காவது புரிந்துவிட்டது, சரி. இதே பேச்சு அவர் வீட்டுக்காரி காதில் அரைகுறையாக விழுந்திருந்தால்?

இறங்கும்போது கதையும் என்னோடு இறங்கிவிட்டது.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"எஞ்சினின் சூட்டைத் தணிப்பதற்காக அதைச் சுற்றி ஓடும் பச்சைத் திரவத்துக்குக் கூலன்ட் என்று..." (வேண்டாம். பாடப்புத்தகம் கொட்டாவி விடுகிறது.)

"வானம் இருண்டுகொண்டு வந்த அந்த மாலையில் அவள் உள்ளமும்..." (இப்படி ஆரம்பிக்கும் கதைகளை நானே பாதியில் மூடிவைத்திருக்கிறேன்.)

"அவள் சட்டையை மோந்து பார்த்தாள்."

இது இருக்கட்டும்.

3

அவள் சட்டையை மோந்து பார்த்தாள். அவள் தையல்காரி. முன்னறையில் ஜன்னலை ஒட்டி மெஷின், காலடியில் வெட்டுத்துணிக் குவியல். புருஷன் வாடகைக் கார் ஓட்டுகிறவன். ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவன். விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. விட்ட அன்று அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"இன்னொரு தடவை வாசனை வந்தா நான் கத்தமாட்டேன், அழமாட்டேன். பொண்ணைக் கூட்டிக்கிட்டு எங்கக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் கூப்பிட வராதீங்க."

இப்போது சில நாட்களாக அவன் கண் சிவந்து வருகிறான். தலைவலி என்கிறான். சட்டையில் ஏதோ தித்திப்பான வாசனை, பழம் ஊறிப்போனது மாதிரி. நேற்று வாசலில் நின்றபடி கைபேசியில், "காலைல ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை தண்ணி ஊத்தினாத்தான் ஓடுது. அவகிட்ட மூச்சு விட்றாதே" என்றது இவள் காதில் நேராக விழுந்தது.

இன்று விடுமுறை. மகள் தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவன் வெளியே காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். இவள் மகளின் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

4

(இங்கே பேனாவை வைத்துவிட்டேன். இவன் குடிக்கவில்லை என்று எழுதத்தான் எனக்கு ஆசை. ஆனால் "நான் தொடவே இல்ல" என்று வருஷக்கணக்காகப் பொய் சொன்ன வாய் அது. என் ஆசைக்காக அவள் ஏன் நம்ப வேண்டும்? நீங்கள்தான் ஏன் நம்ப வேண்டும்? இவனுக்காக நான் கெஞ்சக்கூடாது. சாட்சி சட்டையிலிருந்தே வரவேண்டும்.)

5

அந்தச் சட்டையில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. போகிறவள் அதைத் தைத்துவிட்டுப் போவானேன்? கை கேட்கவில்லை. ஊசியை எடுத்தாள். தைக்கும்போது கழுத்துப்பட்டை மூக்குக்கு நேரே வந்தது. வியர்வை. வெறும் வியர்வை. மார்புப் பக்கம்? சோப்பு. வலது சட்டைக்கையின் முனையை மோந்தாள். அங்கேதான் இருந்தது அத்தனை தித்திப்பும். விரலில் பிசுபிசுத்தது.

குடிக்கிறவன் சட்டைக்கை வழியாகவா குடிப்பான்?

ஒரு வெள்ளை வெட்டுத்துணியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"கதவைத் திறங்க."

"எதுக்கு?"

"திறங்கன்னா திறங்க."

உள்ளே அதே வாசனை, இன்னும் கெட்டியாக. முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் படிந்தாற்போல் மங்கல். அவள் விரலால் ஒரு கோடு இழுத்தாள்.

"இதை எதால துடைக்கிறீங்க?"

"கையாலதான். சட்டைக்கையால. மழைக்கு ஹீட்டர் போட்டா கண்ணாடி மூடுது, துடைச்சா இன்னும் மூடுது. கண்ணெல்லாம் எரியுது." அவன் தயங்கினான். "திட்டாதே. ரேடியேட்டர்ல வேற குறையுது. நானும் தண்ணி ஊத்திக்கிட்டேதான் இருக்கேன். அடியில அட்டை விரிச்சு வெச்சுப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்ல. எங்கதான் போகுதோ! வண்டிதான் குடிக்குது."

அவள் முன்சீட்டில் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய், என்னாச்சு? மயக்கமா?"

"ஒண்ணுமில்ல." சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் முகத்தைக் குனிந்துகொண்டாள். குனிந்தவள் கால்மிதியைத் தூக்கிவிட்டு, அடியிலிருந்த விரிப்பில் வெள்ளைத் துணியை வைத்து அழுத்தினாள். துணி வெளிர்பச்சையாக நனைந்தது. விரல்களுக்கிடையில் வழுக்கியது.

"வெளிய ஒழுகல. உள்ள ஒழுகுது."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். "ஹீட்டர்! டேஷ்போர்டுக்குப் பின்னாடி குட்டி ரேடியேட்டர் மாதிரி ஒண்ணு இருக்கு. அதுதான் விட்டிருக்கு. நான் ஒரு மடையன், வண்டிக்கு அடியிலயே படுத்துப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டிய வெளிய எடுக்க விடுவியா?"

6

(தவறவிடக்கூடாத ஒரு குறிப்பு: எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும். கூலன்ட் தித்திப்பாக மணக்கும், ஆனால் விஷம். குழந்தையும் நாயும் கிட்டே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கதை எங்கே போய்விடும், கைகால் முக்கியம்.)

கார் காலையிலிருந்து நின்றபடியே இருந்ததால் எஞ்சின் ஆறியிருந்தது. புது ஹீட்டர் மாட்ட டேஷ்போர்டையே கழற்றவேண்டும். அதுவரை அதை விலக்கிவிடலாம் என்றான் அவன். சூடான திரவம் ஹீட்டருக்குப் போக ஒரு ரப்பர்க் குழாய், திரும்பி வர ஒன்று. இரண்டையும் பிடுங்கி, நடுவில் ஒரு இரும்புக் குழல் வைத்து ஒன்றோடொன்று சேர்த்தான். அவன் பிடித்துக்கொள்ள, அவள் கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் முறுக்கினாள்.

"போதும், போதும். என் கழுத்துன்னு நெனச்சியா?"

"நெனச்சுத்தான் முறுக்கறேன்."

"அடிப்பாவி, அவ்வளவு கோவமா?"

"பேசாம பிடிங்க, தையல் கோணுது."

புதுக் கூலன்ட் ஊற்றி, காற்று குமிழியிட்டு வெளியேறும்வரை காத்திருந்து, மூடியைத் திருகினார்கள். அவன் எஞ்சினைக் கிளப்பினான். சூடு காட்டும் முள் மெல்ல ஏறி நடுவில் வந்து நின்றது. இன்னொரு வெள்ளைத் துணியைச் சேர்ப்பின்மேல் சுற்றிப் பார்த்தாள். வெள்ளையாகவே வந்தது.

எனக்கும் இப்போதுதான் மூச்சு சீரானது. எழுதுகிறவளுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். துணி வெள்ளையாக வரும்வரை எனக்கும் தெரியாது, கண்ணுகளா.

7

இங்கேயே முடித்திருக்கலாம். அவன்தான் விடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டான்:

"ஆமா, நேரா வந்து கதவைத் திறன்னு நின்னியே, உனக்கு எப்படித் தோணுச்சு?"

"சும்மாதான்" என்று அவளைச் சொல்லவைத்தேன். அவன் நம்பினான். எனக்குப் பிடிக்காமல் அந்த வரியை அடித்துவிட்டேன். "சட்டைல ஏதோ மணந்துச்சு" என்று எழுதினேன். பொய் இல்லை, ஆனால் பாதிதான். "நீங்க மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்கன்னு நெனச்சேன். கெளம்பப் பாத்தேன்" என்று முழுசாக எழுதினேன். ஒரு வருஷமாகக் குடியைத் தொடாமல் தன்னைக் கட்டிக்காத்தவன் அதைக் கேட்டு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வான்? ஒருவேளை விழுந்து விழுந்து சிரிப்பானோ? சிரித்த பிறகு, தனியாக...

(இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன்.)

நல்ல சேதி உங்களுக்குத் தெரியும்: அவன் குடிக்கவில்லை, அவள் போகவில்லை. மிச்சம் இருப்பது அவன் கேள்விக்கு அவள் சொல்லவேண்டிய ஒரு பதில்தான். இத்தனை காலம் இன்னொருவரோடு வாழ்ந்து பார்த்த நீங்கள் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். யோசித்தே சொல்லுங்கள். அவன் பானட்டில் சாய்ந்துகொண்டு காத்திருக்கிறான், அவள் வாயைத் திறக்கப் போகிறாள். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. முள் நடுவிலேயே நிற்கிறது. அவசரமே இல்லை.