மாமியாருக்குப் போட்ட நாற்காலி

பழங்குடிகளுக்கும் நீதி எட்டட்டும் என்று அரசாங்கம் புதுத் திருத்தம் கொண்டுவந்தது. இனி நீதிபதி பக்கத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து, குற்றம் செய்தவனைப் பற்றி நாலு வார்த்தை சொல்வாராம். நல்ல யோசனைதான், யார் வேண்டாம் என்றது? அந்த நாற்காலியில் மேவிஸை உட்கார வைத்தார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

எதிரே நின்ற டெஸ்மண்ட் அவளுடைய மகள் புருஷன். இந்தப் பாலைவனத்து ஊர்களில் மாமியாரும் மருமகனும் முகம் பார்ப்பதில்லை, பேசுவதில்லை, பேரைக்கூடச் சொல்வதில்லை. பதினோரு வருஷமாக வேட்டையில் மாமியாருக்குச் சேரவேண்டிய கங்காரு வாலைக்கூட அவன் பெண்டாட்டி கையில்தான் கொடுத்தனுப்புகிறான்.

வேறு ஆளைப் போடுங்கள் என்று மேவிஸ் போன வாரமே கோர்ட் அலுவலகப் பெண்ணிடம் சொல்லியிருந்தாள். ஊரில் இருக்கும் இன்னொரு பெரியவர் கிளான்சி கிழவர் டயாலிசிஸுக்குப் போய்விட்டார், சொந்தக்காரர் என்றால் இன்னும் நல்லதுதானே என்று அவள் சிரித்தாள்.

மூச்சுத் திணறிய தன் குழந்தையை லைசென்ஸ் இல்லாமல் கிளினிக்குக்கு ஓட்டிப்போனான், அதுதான் டெஸ்மண்ட் செய்த குற்றம். பிடிபட்டது மூன்றாவது தடவை. குழந்தையும் தாயும் இன்னும் ஆஸ்பத்திரியில். பெரியவர் பொறுப்பேற்றால் அவன் வீட்டோடு இருக்கலாம், இல்லையென்றால் ஜெயில்.

மேவிஸ் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவனும் தலையைக் குனிந்துகொண்டான்.

"பெரியவங்களே முகத்தைத் திருப்பிக்கிட்டா நான் என்ன பண்றது?" என்று நீதிபதி பேனாவை எடுத்தார். ஆறு மாசம்.

மேவிஸ் இத்தனை வருஷம் கட்டிக்காத்ததை உடைத்து, சுவரைப் பார்த்தபடியே வாயைத் திறந்தாள்.

"தங்கமான ஆளு ஐயா. எம்பொண்ணு மேல ஒரு நாளும் கை வச்சதில்ல. நான் பொறுப்பு, வீட்டுக்கு விடுங்க."

மாமியார் குரல் கேட்கும் இடத்தில் மருமகன் நிற்கக் கூடாது. டெஸ்மண்ட் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

போலீஸ்காரர்கள் மூன்று பேர் அவனைப் படியில் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றினார்கள். முன்பல் உடைந்தது. தப்பி ஓடப் பார்த்தான் என்று புது வழக்கும் சேர்ந்தது.

"அவ்வளவு நம்பிச் சொன்னீங்க. ஓடிட்டான் பாருங்கம்மா" என்று நீதிபதி வருத்தப்பட்டார். மனசாரத்தான்.

வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. அவன் இல்லை, இனி பேசலாம். மேவிஸ் திரும்பினாள்.

"அவன் தப்பி ஓடல ஐயா. எனக்கு மரியாதை குடுத்தான்."

நீதிபதி அடுத்த கோப்பைப் பிரித்திருந்தார். அலுவலகப் பெண் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

"நல்லாப் பேசுனீங்கம்மா. அடுத்த மாசமும் நீங்களே வந்துடுங்க."