ஷேட் கார்டில் இல்லாத நிறம்

பெயிண்டரின் உடம்பில் எங்கே எந்த நிறம் ஒட்டியிருந்தாலும், அது எந்தச் சுவரிலிருந்து வந்தது என்று அவரால் சொல்லிவிட முடியும். முழங்கையில் இருக்கும் வெளிர்பச்சை, பல் டாக்டர் வீட்டு மாடியறை. காதோரத்து மஞ்சள், பள்ளிக்கூடக் கழிப்பறை. மாலையில் அவர் வீடு திரும்பும்போது மனைவி தின்னர் நனைத்த துணியோடு வாசலிலேயே நிற்பாள். "எந்தக் கலர்ல வேணும்னாலும் வாங்க. என் தலையணை உறையில மட்டும் ஒட்டிடாதீங்க" என்பாள்.

அதனால்தான் இடது குதிகாலில் இருந்த பழுப்புப் புள்ளியை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வக்கீல் வீட்டுக் கதவுகளுக்கு அடித்த பாலிஷ்தான் சொட்டியிருக்க வேண்டும் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். தின்னருக்கு அது போகவில்லை. உப்புத்தாளை எடுத்து நாலு இழுப்பு இழுத்தார். சுற்றியிருந்த தோல்தான் எரிந்தது, புள்ளி அசையவில்லை. 'பாலிஷ்னா இது பாலிஷ்!' என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு அவர் ஏணியில் ஏறமாட்டார். படியைக் கால் தொட்டுப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் உயரத்தில் கை நடுங்கும். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் மனைவியின் தம்பி. ஆகவே இந்த உலகத்தில் அந்தக் குதிகாலைத் தினமும் முகத்துக்கு நேரே பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

மச்சானுக்கு நாற்பது வயது, முன்வழுக்கை, வாய் கொஞ்சம் நீளம். ஆனால் கண் தங்கமான கண். நிறம் கலப்பதெல்லாம் அவன் வேலை. ஈரத்தில் ஒரு சுவரைப் பார்த்தால், காய்ந்தபின் எப்படி நிற்கும் என்று சொல்லிவிடுவான்.

"மாமா, இது வக்கீல் வீட்டு பாலிஷ் இல்ல" என்றான் ஒருநாள்.

"நீ கண்ணைச் சுவத்துல வை. என் கால்ல வைக்காத."

"உங்க கால் என் மூக்குக்கு முன்னாடி தொங்குது. நான் வேற எங்கதான் பாக்குறது?"

மதியம் அவர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது, கலர் நம்பர்கள் அச்சிட்ட பழைய ஷேட் கார்டிலிருந்து கழன்ற பழுப்புப் பட்டை ஒன்றை எடுத்து வந்து குதிகாலில் வைத்தான். "இதுல ஒரு நம்பரும் சேரல மாமா. நடுவுல கறுப்பு, இந்தப் பக்கம் காப்பிக் கலர், அந்த மூலையில சாம்பல். ஒரே டப்பாவிலேருந்து சொட்டின சொட்டு இப்படியா இருக்கும்? ஓரத்தைப் பாருங்க, கோடு பிசகாம இழுக்குற கட்டிங் தெரியாதவன் பிரஷ் பிடிச்ச மாதிரி பிசிறடிச்சுக் கிடக்கு."

பட்டையின் முனையில் கோத்துக் கட்டுவதற்காக ஒரு துளை இருந்தது. அதைப் புள்ளியின் மேல் வைத்தான். புள்ளி துளைக்குள் அச்சாக அடங்கியது.

"போதுமா ஆராய்ச்சி?" என்று காலை இழுத்துக்கொண்டார் பெயிண்டர்.

இரண்டு மாதம் கழித்து, வேறொரு வீட்டில், மச்சான் சட்டைப்பையிலிருந்து மறுபடியும் அந்தப் பட்டையை எடுத்தான். இந்தமுறை துளையைத் தாண்டிக் கறுப்பு வெளியே வழிந்திருந்தது. அவன் முகத்தில் கேலி இல்லை.

"பாலிஷ் தேயும் மாமா. வளராது. நாளைக்கே தோல் டாக்டர்கிட்ட போறோம்."

"கூடம் முடியட்டும். பாப்போம்."

மச்சான் ஏணியை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, பட்டி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். "அப்ப நீங்களே பிடிச்சுக்கிட்டு நீங்களே ஏறுங்க."

"என்னடா மிரட்டுற?"

"ஆமா, மிரட்டுறேன். அக்காகிட்ட சொல்லட்டுமா?"

பெயிண்டருக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். அது அவருக்கு மட்டும்தான் தெரியும். காலில் கத்தி வைத்துவிட்டால் ஏணி? ஏணி ஏறாத பெயிண்டரை யார் கூப்பிடுவார்கள்? இரவுகளில் அந்தக் குதிகாலைப் போர்வைக்குள் இழுத்து ஒளித்துவைத்தது அவருக்குத்தானே தெரியும்.

தோல் டாக்டர் இளம்பெண். விளக்கு பொருத்திய லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். உப்புத்தாள் கதையைக் கேட்டு நெற்றியில் கைவைத்துக்கொண்டார். புள்ளியிலிருந்து ஒரு துணுக்கு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். பத்து நாள் கழித்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "இது தோல் புற்றுநோய்."

"டாக்டர், வெயில் படாத இடமாச்சே அது" என்றார் பெயிண்டர், ஏதோ கணக்கில் தவறு நடந்துவிட்டது போல.

"வெயில் ஒண்ணு மட்டும் காரணம் இல்லங்க. நம்ம மாதிரி நிறம் உள்ளவங்களுக்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியிலதான் இந்த வகை அதிகமா வருது. யாரும் அங்க பாக்குறதில்ல. முத்தினப்புறம் நொண்டிக்கிட்டு வருவாங்க. உங்களுது இன்னும் ஆழமாப் போகல. காலை எடுக்க வேண்டியதில்ல. சுத்திலும் கொஞ்சம் சேத்து வெட்டி எடுத்துட்டு, தொடைத் தோலை வச்சு மூடிடலாம். யார் கண்டுபிடிச்சாங்க?"

கூட வந்திருந்த மச்சான் பட்டையை நீட்டினான். டாக்டர் துளையை அளந்து பார்த்தார். "ஆறு மில்லிமீட்டர். நாங்களும் இந்த அளவைத்தான் கணக்கு வச்சிருக்கோம். நிறம், ஓரம், வளர்ச்சி, எல்லாம் பாத்திருக்கீங்க. எங்க படிச்சீங்க?"

"ஏணிக்குக் கீழே" என்றான் மச்சான்.

அறுவைச் சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்த அன்று, குதிகாலில் ஒட்டிய தோல் ஒரு மாற்று வெளுப்பாகத் தெரிந்தது. மச்சான் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "பேட்ச் வேலை. கலர் மேட்ச் ஆகல. நம்ம பண்ணியிருந்தா வீட்டுக்காரர் திட்டியிருப்பாரு." சிரிக்க ஆரம்பித்த பெயிண்டருக்குச் சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறியது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். நன்றி என்று ஒரு வார்த்தை அவர்கள் இருவருக்கும் நடுவே இதுவரை புழங்கியதே இல்லை. அன்றும் அது வாய்வரை வந்து திரும்பிப் போனது.

நான்கு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்ட வேண்டும். இன்னும் சில வாரம் உயரம் வேண்டாம். ஆகவே மச்சான் ஏற, அவர் பிடிப்பதென்று முடிவானது.

"மாமா, அந்தப் பழுப்புப் பட்டை எங்க? வீட்டுக்காரம்மா கேக்குறாங்க."

"கடையில புதுசு வாங்கிக்கோ. அதை நான் தரமாட்டேன்."

"ஏன், கண்ணாடி போட்டு மாட்டப் போறீங்களா?"

"மாட்டியாச்சு. உங்க அக்காதான் ஆணி அடிச்சா."

மச்சான் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு அவசரமாக ஏணிப்பக்கம் போனான்.

"நில்லுடா. செருப்பைக் கழட்டு."

"நான் செருப்போடதான் ஏறுவேன்."

"என் ஏணியில வெறுங்கால்தான். ம், அந்தக் காலைத் தூக்கு. விரல் இடுக்கைக் காட்டு. இப்ப அடுத்தது."

ஒரு கையால் ஏணியைப் பிடித்தபடி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மச்சானின் உள்ளங்காலை ஒரு சுவரைப் பார்ப்பதுபோல மூலைக்கு மூலை நிதானமாகப் பார்த்தார் பெயிண்டர். எங்கும் ஒரு சொட்டுக்கூட இல்லை. "சுத்தமா இருக்கு. ஏறு" என்றார்.