சிறப்பு விருந்தினரின் சிரிப்பு

பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பத்தே முக்காலாகியும் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் முதலாளி ஜெயரத்தினம் தொலைபேசியில் கதைத்துக்கொண்டே இருந்தார். சுவரோரம் அடுக்கியிருந்த சவர்க்காரக் கலன்களுக்குப் பக்கத்தில், கையுறைகளை மடியில் வைத்துக்கொண்டு கனகாம்பிகை கதிரையில் காத்திருந்தாள். ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் பின்னால், கார் டயர் மாற்றுகிற இடத்துக்கு மேல்மாடியில் இருந்தது அந்தத் துப்புரவுக் கம்பெனி. அவளுடைய சப்பாத்துப் பனி உருகித் தரையில் நீர் தேங்கியது. இத்தனை வருடப் பழக்கம், கை தன்பாட்டில் துணி தேடியது.

ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு அந்தக் கிழமை வேலைப் பட்டியல் எல்லாருடைய தொலைபேசிக்கும் வரும். தைப்பொங்கலுக்குப் பிறகு மூன்று பட்டியல்கள் வந்துவிட்டன. மூன்றிலும் அவளுக்குச் செவ்வாய்க்கிழமைப் பல்வைத்தியசாலை மட்டும்தான். அது அவளுடைய நிரந்தர வேலை, முழுநேரத்தில் இருபது வீதம். மீதி முழுவதும் கூப்பிட்டால் போகிற வேலை. இந்தக் கம்பெனிக்கு வந்த ஒன்பது வருடமும் கிழமையில் ஐந்து நாளும் கூப்பிட்டார்கள், காய்ச்சலோடும் போனாள். இப்போது கூப்பிடவில்லை, அவ்வளவுதான். வேலையால் நிற்பாட்டியிருந்தால் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு தொழிற்சங்கத்துக்குப் போயிருப்பாள். கூப்பிடாமல் விட்டதை எந்த மேசையில் கொண்டுபோய் வைப்பது?

எல்லாம் நாலு நிமிடத்தால் வந்த வினை.

ஒஸ்லோத் தமிழ் மேடையில் முதன்முதல் ஆட்களைச் சிரிக்க வைத்த பெண் கனகாம்பிகை. இருபத்தைந்து வருடத்துக்கு முன் பெண்கள் அந்த மேடையில் ஆடினார்கள், பாடினார்கள், நாடகத்தில் தாயாக நின்று அழுதார்கள். சிரிப்பு ஆம்பிளைகளின் சொத்து. பெண்ணைப் பார்த்துச் சபை சிரிக்க வேண்டுமென்றால் ஓர் ஆண் சீலை கட்டி, சட்டைக்குள் இரண்டு தோடம்பழம் வைத்துக்கொண்டு வருவான். அவளுடைய வேலை அந்தச் சீலைக்குக் கொய்யகம் பிடித்து ஊசி குத்திவிடுவது. ஒரு தீபாவளிக்கு மாமியார் வேசக்காரன் பனியில் நின்றுபோன ரயிலுக்குள் மாட்டிக்கொண்டான். வசனம் முழுவதும் பாடமாக்கி வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். ஏறினாள். மண்டபம் குலுங்கிச் சிரித்தது.

இறங்கி வந்தபோது சமையல்கட்டில் நின்ற பெண்களின் கதை சட்டென்று நின்றது. "குடும்பப் பொம்பிளை பல்லைக் காட்டி ஊரைச் சிரிக்கப் பண்ணுறதோ?" என்று ஒருத்தி அவளுடைய காதுபடவே கேட்டாள். வீட்டில் கணவன் மகேசன் மட்டும், "சபை சிரிச்சு முடிய முந்தி அடுத்ததைச் சொல்லிப்போட்டாய். பொறுத்துச் சொல்லு" என்றான். அவள் பொறுக்கப் பழகினாள். தானே எழுதத் தொடங்கினாள். பகலில் கழிவறைகளைக் கழுவும்போது வசனங்களை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். நோட்டீசில் மட்டும் வருடா வருடம் 'தயாபரன் குழுவினரின் நகைச்சுவை' என்றே வந்தது. தயாபரன்தான் மண்டபத்துக்கு வாடகை பேசுகிறவன், ஒலிவாங்கி பிடிக்கிறவன். போகட்டும் என்று விட்டாள். விட்டதுதான் பிழை என்று இப்போது தோன்றியது.

இந்தப் பொங்கலுக்கு அவள் மேடையில் தனியாக நின்றாள். துப்புரவுச் சட்டையோடு, கையில் தடித்துடைப்பான். ஜெயரத்தினத்தின் கம்பெனியில் கழிவறைக்குள் போகும்போது கதவிலுள்ள குறியைத் தொலைபேசியால் தட்டி நேரம் பதிய வேண்டும், நாலு நிமிடத்துக்குள் வெளியே வந்து மறுபடி தட்ட வேண்டும். அன்றைய கதையில், அவள் உள்ளே துடைத்துக்கொண்டிருக்கையில் யமன் வந்து நிற்கிறார்.

"வா கனகம், உன்ரை நேரம் முடிஞ்சுது எண்டார். நிண்டுகொள்ளும் ஐயா, எனக்கு இன்னும் ரண்டு நிமிசம் கிடக்கு. நீர் உள்ளுக்கை வரேக்கை தட்டினனீரோ? தட்டாமல் வந்தால் உமக்குச் சம்பளம் இல்லை எண்டன். யமன் பயந்துபோய் முதலாளிக்கு அடிச்சுக் கேட்டார், இந்தப் பொம்பிளையைக் கொண்டுபோகலாமோ எண்டு. முதலாளி சொன்னார்: தாராளமாய்க் கொண்டுபோங்கோ. ஆனால் தன்ரை இடத்துக்கு ஓராளைப் பிடிச்சுத் தந்திட்டுச் சாகச் சொல்லுங்கோ."

முந்நூறு பேரில் கால்வாசிப்பேர் அந்த வசனத்தைத் தம் காதால் கேட்டவர்கள். காய்ச்சல் என்றாலும், பிள்ளைக்குச் சுகமில்லை என்றாலும் ஜெயரத்தினம் சொல்வது அதுதான்: ஆளைப் பிடிச்சுத் தந்திட்டு வீட்டிலை நில்லுங்கோ. துசாந்தினி, அவளோடு வேலை செய்கிறவள், சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து வழுக்கிவிட்டாள். முன்வரிசையில் சிறப்பு விருந்தினராக இருந்த ஜெயரத்தினமும் கைதட்டிச் சிரித்தார். மேடையேறிப் பொன்னாடை போர்த்தினார். ஊர் பார்க்கப் போர்த்திய மனிதன் மனதில் ஒன்றும் வைத்திருக்க மாட்டான் என்று அவள் நம்பிவிட்டாள்.

கண்ணாடிக் கதவு திறந்தது.

"ஏன் அண்ணை, எனக்கு வேலை வருகுதில்லை?" இருக்கச் சொல்லுமுன்பே கேட்டாள்.

"வேலை குறைஞ்சுபோச்சு, தங்கச்சி."

"துசாந்தினிக்கு ஆறு நாளும் போட்டிருக்கிறியள்."

ஜெயரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குக் கோபமெண்டு ஆரும் சொல்லேலாது. நான் சிரிச்சனான், எல்லாரும் பாத்தவை. ஆனால் பொங்கலிலை எடுத்த உந்த வீடியோ எல்லா இடமும் போகுது. நானும் இந்த நாட்டிலை கக்கூஸ் கழுவி வந்தவன்தான். இண்டைக்கு எங்கடை ஆக்கள் நூறு பேருக்குச் சோறு போடுறன்."

"சோறு நீங்கள் போடேல்லை. நாங்கள் கழுவித்தான் தின்னுறம்."

"உந்த வாய்தான்" என்று சிரித்தார். "சித்திரைக் கொண்டாட்டத்திலை ஏறி, அது சும்மா கற்பனை, கம்பெனி நல்ல கம்பெனி எண்டு ரண்டு வசனம் சொல்லிவிடுங்கோ. பிறகு பாப்பம்."

"அதிலை எது கற்பனை? நாலு நிமிசமோ? ஆளைப் பிடிச்சுத் தரச் சொன்னதோ?"

அவர் மறுபடி தொலைபேசியை எடுத்தார். அவள் நின்றாள், பிறகு கையுறைகளை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். யமனைப் பற்றிச் சொன்னதை யமனே பொறுத்துக்கொண்டிருப்பான்.

நாலு நிமிடத்தைப் பற்றித் தொழிற்சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துக் கேட்டு, சிரித்தவர்களில் பதினொரு பேரோடு கதைத்தாள். எல்லாரும் பாவப்பட்டார்கள். ஒருவரும் கையெழுத்து வைக்கவில்லை. "நீங்கள் சொன்னதிலை ஒரு பொய்யும் இல்லை அக்கா, என்ரை பேரை மட்டும் விடுங்கோ" என்றாள் துசாந்தினி.

மார்ச் முடிவில் தயாபரன் குரோருட்டில் உள்ள அவளுடைய வீட்டுக்கு வந்தான். தேத்தண்ணீர் குடித்து முடித்துத்தான் விசயத்துக்கு வந்தான்.

"அந்த யமன் கதையைச் சித்திரைக்கு நான் செய்யலாமெண்டு யோசிக்கிறன். ஜெயரத்தினம் அண்ணையோடையும் கதைச்சனான். ஆம்பிளை சீலை கட்டிச் செய்தால் அது பகிடி, ஒருத்தரும் மனசிலை எடுக்கமாட்டினம். நீங்கள் செய்தால் குற்றம் சொன்ன மாதிரிக் கிடக்கு."

"குற்றம்தான் சொன்னனான்."

"அதுதான் அக்கா பிரச்சினை."

"தரமாட்டன், தயாபரன். அது நான் கழுவிக் கழுவி எழுதினது."

தயாபரன் கோப்பையை மெதுவாகத் தட்டில் வைத்தான். "நீங்கள் தராட்டிலும் வீடியோ கிடக்குத்தானே" என்றான். குரலில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. வாசலில் நின்று, மகேசனின் முதுகு நோவுக்கு ஒரு நல்ல தைலத்தின் பெயரையும் சொல்லிவிட்டுப் போனான்.

ஏப்பிரலில், பன்னிரண்டு கிழமைக்குப் பிறகு, முதல்தடவையாக ஒரு மேலதிக வேலை வந்தது. சனிக்கிழமை மதியத்திலிருந்து மாலைவரை, பாடசாலை மண்டபம், நடைபாதையும் கழிவறைகளும். சித்திரைக் கொண்டாட்டம் அங்கேதான் என்று அவளுக்குத் தெரியும்.

மகேசன் செய்தியைப் பார்த்துவிட்டு, "போகாதை" என்றான்.

"போகாட்டி, கூப்பிட்டனாங்கள் அவ வரேல்லை எண்டு எழுதி வைப்பினம். உன்ரை முதுகு தேறி நீ வேலைக்குப் போறவரைக்கும் என்னெண்டு சீவிக்கிறது?"

சனிக்கிழமை போனாள்.

மண்டபத்தின் மூடிய கதவுக்கூடாகத் தயாபரனின் கீச்சுக்குரல் கேட்டது. யமன் வந்துவிட்டார். அவன் அவசரப்பட்டான், நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தவில்லை. பொறுத்துச் சொல்லடா என்று அவளுக்கு வாய்வரை வந்தது. ஆனாலும் மண்டபம் சிரித்தது. தோடம்பழம் ஒன்று விழுந்திருக்க வேண்டும், அதற்குப் பெரிதாகச் சிரித்தது. ஆளைப் பிடித்துத் தந்துவிட்டுச் சாகச் சொன்ன இடத்தில் கூரை பறந்தது. தன் வசனத்துக்கு ஊர் சிரிப்பதை அவள் வாளிக்குள் துணியைப் பிழிந்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள்.

இடைவேளைக்குக் கதவுகள் திறந்தன. ஈரத் தரையில் சப்பாத்துகள் பரபரவென்று வந்தன. கண்ணீர் வரச் சிரித்த முகங்கள் அவளைக் கண்டதும் ஒவ்வொன்றாகச் சுவர்ப்பக்கம் திரும்பின. துசாந்தினி பார்த்தாள், ஏதோ சொல்ல வந்தவள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

கடைசியாக ஜெயரத்தினம் வந்தார். கைலேஞ்சியால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார்.

"ஆ, தங்கச்சி. வந்திட்டியளோ. தயாபரன் விசரன், என்னமாய்ச் செய்தவன் பாத்தனீங்களே?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் ஆண்கள் கழிவறைக்குள் போனார். பட்டியலில் அடுத்தது அந்தக் கழிவறைதான். அவர் வெளியே வந்தபின்தான் துடைக்க முடியும். கனகாம்பிகை தடித்துடைப்பானைப் பிடித்தபடி வாசலில் நின்றாள். பூட்டிய கதவுக்கு உள்ளே அவர் தனியே இருந்து இன்னமும் சிரித்துக்கொண்டிருந்தார்.