ஜூன் வரைக்கும்

தேங்க்ஸ்கிவிங் விருந்து நாளுக்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை மதியம், வயோமிங்கில் பனிப்புயலுக்காக நெடுஞ்சாலையின் குறுக்கே இரும்புக் கதவை இறக்கிவிட்டார்கள். எங்கள் கேரவனுக்கு முன்னால் இரண்டே லாரிகள். பத்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் தாண்டியிருப்போம். அந்தப் பத்து நிமிடம் எங்கே போனது என்று லோர்னாவுக்குத் தெரியும். பெட்ரோல் பங்கில் ரஸ்ஸல் காப்பிக்கு நின்றதில் போனது. ஆனால் அதை அவர் ரஸ்ஸலிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார்.

"ஜோரி கண்ணு, அந்தக் காப்பி நல்லா இருந்துச்சான்னு ரஸ்ஸல்கிட்ட கேளேன்."

ரஸ்ஸல் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், "அருமையா இருந்துச்சுன்னு சொல்லு" என்றார். அதுவும் என்னிடம்தான்.

நான் நெதர்லாந்துக்காரி. ஊர் ஸ்வொல்லே, பெயர் யோரீன். நெப்ராஸ்காவில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. வந்திறங்கிய மறுநாளே ஜோரி ஆகிவிட்டேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. ஒரு வருடம் அமெரிக்கப் பள்ளியில் படிக்க வந்த பரிமாற்ற மாணவி. அந்த ஒரு வருடத்துக்கு ரஸ்ஸல் ஹாஃப்மைரும் லோர்னாவும்தான் எனக்கு அப்பா அம்மா. ரஸ்ஸல் தானியக் கிடங்கு ஒன்றின் மேலாளர். லோர்னா பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பாளர். அவர்களுடைய ஒரே மகள் கடற்படையில் சேர்ந்து ஜப்பானுக்குப் போய்விட்டிருந்தாள். அவள் அறையில்தான் நான் இருந்தேன்.

அந்த இலையுதிர் காலம் முழுக்க என்னை அவர்கள் வீட்டில் உட்காரவே விடவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்தால் வாசலில் கேரவன் தயாராக நிற்கும். பூசணித் தோட்டம், சோளக்காட்டுக்குள் வெட்டிய சுற்றுப்பாதை, தெற்கு டகோட்டாவின் காட்டெருமைகள், கொலராடோ மலைகளில் மஞ்சள் பூத்து நின்ற ஆஸ்பென் மரங்கள் என்று வாரம் ஓர் ஊர். படங்களைப் பார்த்த என் அம்மா, "உனக்கு லாட்டரி விழுந்திருக்குடி" என்று எழுதினாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பயணத்தில் மூன்று பேரும் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசலாம், யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பது அக்டோபர் கடைசியில்தான் எனக்கு உறைத்தது. வீட்டில் தங்க நேர்ந்த ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரஸ்ஸல் கார் ஷெட்டில் இருந்தார், லோர்னா மாடியில் இருந்தார், நான் கூடத்தில் இருந்தேன். அன்றுதான் முதல் முறையாக, "சாப்பாடு ரெடின்னு அவர்கிட்ட சொல்லிடு" என்று என்னை அனுப்பினார்கள். நவம்பரில் நான் முழுநேரத் தபால்காரி.

யூட்டாவில் இருந்த லோர்னாவின் தங்கை வீட்டுக்குத்தான் விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். சாலை மூடியதும் ஒரு போலீஸ்காரர் எங்களை அந்தச் சின்ன ஊரின் தேவாலய வாகன நிறுத்தத்துக்குத் திருப்பிவிட்டார். அங்கே ஏற்கெனவே ஆறேழு வண்டிகள் பனியில் பாதி புதைந்து நின்றன.

"எப்ப திறப்பாங்க?" என்று ரஸ்ஸல் கேட்டார்.

"காத்துகிட்ட கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வண்டிக்குப் போனார்.

எங்கள் கேரவனின் நீளம் எட்டே தப்படி. எண்ணிப் பார்த்திருக்கிறேன். பின்னால் இருந்த கட்டிலில் லோர்னா. சாப்பாட்டு மேசையை மடக்கி விரிக்கும் படுக்கையில் ரஸ்ஸல். குறட்டை விடுவதால் இந்த ஏற்பாடு என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு பரண், அது எனக்கு. ஏணி வைத்து ஏறி, குப்புறத் தவழ்ந்து, திரையை இழுத்துவிட்டால் ஓர் அறை. உட்கார்ந்தால் தலை இடிக்கும். காற்று அடிக்கும்போதெல்லாம் வண்டி முழுக்க ஆடும். ஈரக் காலுறையின் வாடையும் எரிவாயு அடுப்பின் வாடையும் கலந்து மேலே என் பரணில் வந்து தங்கிவிடும். கதவைத் திறந்தால் பனி உள்ளே வருகிறது என்று லோர்னா கத்துவார். திறக்காவிட்டால் மூச்சு முட்டுகிறது என்று ரஸ்ஸல் முனகுவார். இரண்டுமே என் வழியாகத்தான் போக வேண்டும்.

புதன்கிழமை காலை தாங்க முடியாமல் கோட்டை மாட்டிக்கொண்டு அந்த இரும்புக் கதவு வரை நடந்தேன். கால் மணி நேர நடைக்கு முக்கால் மணி ஆனது. கதவுக்கு அந்தப் பக்கம் சாலையே இல்லை, வெள்ளையாக ஏதோ கிடைமட்டமாகப் பறந்துகொண்டிருந்தது. ஒரு லாரிக்காரர் ஜன்னலை இரண்டு விரல் அகலம் இறக்கி, "பொண்ணு, எங்க கிளம்பிட்ட?" என்றார்.

"சும்மா பாக்க வந்தேன்."

"பாத்தாச்சுல்ல? வண்டிக்குப் போ. விறைச்சுச் செத்தா உன்னப் புதைக்கக்கூட மண்ணத் தோண்ட முடியாது."

திரும்பி வந்தேன். போக வேறு இடம் இல்லை.

அன்று மதியம் சூப் சூடாக்கியபோது அது நடந்தது. லோர்னா, "உப்பு வேணுமான்னு கேளு" என்றார். ரஸ்ஸல் என் எதிரே உட்கார்ந்திருந்தார். அவருடைய முழங்கால் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. லோர்னா கையை நீட்டினால் அவர் தோளைத் தொடலாம்.

"வேணும்னு சொல்லு" என்றார் ரஸ்ஸல்.

நான் கரண்டியை வைத்தேன். "இனிமே நான் சொல்ல மாட்டேன். உங்க ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது? நீங்களே சொல்லிக்குங்க."

எங்கள் ஊரில் இப்படிப் பேசுவது சாதாரணம். அங்கே அது ஏதோ தட்டை உடைத்தது போல ஆகிவிட்டது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏணியில் ஏறி, திரையை இழுத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். மாட்டினேனே தவிர பாட்டு ஓடவில்லை. காலையிலேயே போனில் சார்ஜ் இறங்கியிருந்தது. அது அவர்களுக்குத் தெரியாது.

நெடுநேரம் கழித்து ரஸ்ஸல் மெல்லக் கேட்டார்: "தூங்கிட்டாளா?"

"பாட்டு கேக்கறா."

பிறகு, மாதக் கணக்கில் இல்லாத ஒன்று நடந்தது. அவர்கள் நேருக்கு நேர் பேசினார்கள்.

"அந்த ஃப்ளாட்ட எனக்காக இன்னும் எத்தனை நாள் வெச்சிருப்பாங்க, லோர்னா? ஜனவரிக்குள்ள நான் போகலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"குடுக்கட்டும். ஜூன்ல அவ விமானம் ஏறட்டும். அப்புறம் நீ எங்க வேணா போ."

"ஏழு மாசம்."

"ஏழு மாசம் உனக்குக் கஷ்டமா இருக்கா? எனக்கு மட்டும் திருவிழாவா இருக்கா?"

"நான் அப்படிச் சொல்லல. அவளுக்குத் தெரியாதுன்னு நீ நினைக்கிற. உப்பு கேக்கறதுக்குக் கூட அவள நடுவுல நிக்க வைக்கிறோம். இது அவளுக்குச் செய்யற நல்லதா?"

"அவ எழுதின கடிதத்த நீ படிச்ச இல்ல?" லோர்னாவின் குரல் உடைந்தது. "ஒம்பது வயசுலேர்ந்து வாராவாரம் பையக் கட்டிட்டு வீடு மாறின பொண்ணு. ஒரே ஒரு வருஷம் ஒரே வீட்ல இருக்கணும், ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கிற வீடா இருக்கணும்னு கேட்டிருந்தா. நாம பிரிஞ்சோம்னு தெரிஞ்சா மறுநாளே அவள வேற வீட்டுக்கு மாத்திடுவாங்க, அதுதான் விதி. திரும்பவும் பையக் கட்ட வைக்கணுமா? என்னால முடியாது ரஸ்ஸல்."

இருக்கை முனகும் சத்தமும் மூக்கைச் சிந்தும் சத்தமும் கேட்டன. யாருடைய மூக்கு என்று தெரியவில்லை.

அந்தக் கடிதத்தை நான் விண்ணப்பத்துக்காக ஒரு மாலையில் அவசரமாக எழுதினேன். என் அப்பாவும் அம்மாவும் சண்டை போடாமல் பிரிந்தவர்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு நாட்காட்டி, அம்மாவின் வாரத்துக்குப் பச்சை, அப்பாவின் வாரத்துக்கு நீலம். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆனாலும் கணக்கு நோட்டு எப்போதும் மற்ற வீட்டில்தான் இருக்கும். அதைத்தான் எழுதினேன். அதைப் படித்து முன்பின் தெரியாத இரண்டு பேர் தங்கள் வாழ்க்கையை நிறுத்தி வைப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டு நாளாக இவர்கள்தான் என்னை அடைத்து வைத்திருப்பதாக நினைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன். உண்மையில் கதவின் குறுக்கே படுத்திருந்தது நான்தான். எனக்குக் கீழே இறங்கி ஓட வேண்டும்போல் இருந்தது. இறங்கினால் இரண்டு பேரின் முழங்கால்களையும் தாண்டித்தான் போக வேண்டும். கழிப்பறைக்கு வேறு அவசரம். ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் கிடந்தேன். முகத்துக்கு ஒரு சாண் மேலே தகரக் கூரை. அதில் என் மூச்சு நீராகப் படிந்து, நெற்றியில் சொட்டியது.

மறுநாள் தேங்க்ஸ்கிவிங். சாலை திறக்கவில்லை. தேவாலயக்காரர்கள் பின்கட்டு மண்டபத்தைத் திறந்து, சிக்கிக்கொண்ட எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வான்கோழி எல்லோருக்கும் காணாது என்று பன்றி இறைச்சியும், லாரி ஒன்றில் போய்க்கொண்டிருந்த உறைந்த மீன் துண்டுகளும் சேர்ந்துகொண்டன. லோர்னா, விருந்துக்கென்று வைத்திருந்த நல்ல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, தங்கை வீட்டுக்காகச் செய்த பூசணிக்காய் ‘பை’ என்கிற இனிப்பை எடுத்து வந்தார். மேசையில் எனக்கு ஒரு பக்கம் அவர், மறுபக்கம் ரஸ்ஸல். எதிரே இருந்த ஓர் அம்மா, "உங்க பொண்ணா? அப்பா ஜாடை அப்படியே இருக்கே!" என்றார். ரஸ்ஸல் சிரித்தார். லோர்னாவும் சிரித்தார். இருவரும் சொல்லி வைத்தாற்போல் ஒரே நேரத்தில் என் தோளில் கை போட்டார்கள். நான் எழுந்துவிட்டேன்.

ஈரக் கோட்டுகள் தொங்கிய சின்ன அறைக்குள் போய், மண்டபத்தில் சார்ஜ் ஏற்றியிருந்த போனில் கெயிலைக் கூப்பிட்டேன். அந்த வட்டாரத்துப் பரிமாற்ற மாணவர்களுக்கெல்லாம் பொறுப்பாளர் அவர். பின்னணியில் தட்டுகளின் சத்தம். சாப்பாட்டு நடுவில் எடுத்திருந்தார்.

"ஜோரி? என்னம்மா ஆச்சு?"

"எனக்கு வேற வீடு வேணும், கெயில்."

தட்டுச் சத்தம் நின்றது. கதவைச் சாத்தினார் போலிருக்கிறது. "யாராவது உன்ன அடிச்சாங்களா? பயப்படாம சொல்லு."

"இல்ல."

"குடிக்கிறாங்களா? தப்பா ஏதாவது நடந்துகிட்டாங்களா?"

"இல்ல இல்ல. ரொம்ப நல்லவங்க. அதான் பிரச்சனை." பிறகு பொய் சொல்ல வராததால் இருப்பதைச் சொன்னேன். "அவங்க பிரியப் போறாங்க. எனக்காக நிறுத்தி வெச்சிருக்காங்க. நிறுத்த வேண்டாம்."

கெயில் பெருமூச்சு விட்டார். "வருஷத்து நடுவுல வீடு கிடைக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல. வேற ஊரா இருக்கலாம். வேற பள்ளிக்கூடமா இருக்கலாம். யாருமே கிடைக்கலேன்னா உன்ன ஊருக்குத் திருப்பி அனுப்ப வேண்டி வரும். புரியுதா?"

"புரியுது" என்றேன்.

சாப்பிட்டுத் திரும்பி வந்ததும், கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே அவர்களிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டேன் என்பதையும், கெயிலிடம் பேசிவிட்டேன் என்பதையும்.

ரஸ்ஸல் வெளியே போனார். கண்ணாடியில் படிந்த பனிக்கட்டியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. எங்கேயும் போகாத வண்டிக்கு எதற்கு அது என்று யாரும் கேட்கவில்லை.

லோர்னா படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். கோபம் அது.

"எங்கள ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உனக்கு?"

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"ஆமா, சொல்லியிருப்பேன்! அது என் வீடு. என் முடிவு. ஏழு மாசத்துக்கு நான் எப்படியோ ஒரு தெம்பு சேத்து வெச்சிருந்தேன். நீ யாரு அத எடுத்து வெளிய கொட்டறதுக்கு?"

"என்னாலதான் நீங்க..."

"உன்னாலன்னு யாரு சொன்னது?" என்று கத்தியவர், பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ இருந்ததால வீட்டுக்கு வந்தா விளக்கு எரிஞ்சுது. நீ போயிட்டா அவரும் போயிடுவாரு. அப்புறம் அந்த வீட்ல நான் மட்டும். அத யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. அவர்களை விடுவிக்கிறேன் என்றுதான் நினைத்தேன். லோர்னாவுக்கு அந்த ஏழு மாதம் ஒதுங்க ஓர் இடமாகவும் இருந்திருக்கிறது என்பது என் பதினேழு வயதுக்கு எட்டவில்லை. "மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை காற்று நின்றது. எங்கள் வீட்டுத் திசையான கிழக்குப் பக்கம் போகும் சாலையை முதலில் திறந்தார்கள். யூட்டாவுக்குப் போகவில்லை. லோர்னா தங்கைக்கு போன் செய்து, விஷயத்தை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டு வைத்தார். நெப்ராஸ்கா வரை ஏழு மணி நேரம். வழியில் ஓர் இடத்தில் ரஸ்ஸல், "லோர்னா, கொஞ்ச நேரம் நீ ஓட்டறியா? கண் எரியுது" என்றார். லோர்னா, "தள்ளு" என்றார். என் வழியாக எதுவும் வரவில்லை. ரஸ்ஸல் பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்தபடி, "சரியான காரியம்தான் பண்ணின. ஆனா அவகிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம்" என்றார். சொல்லியிருக்கலாம்தான்.

டிசம்பர் பத்தாம் தேதி வீடு கிடைத்தது. முப்பது மைல் தள்ளி வேறு ஊர், வேறு பள்ளிக்கூடம். ட்ரிஷா என்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர், அவருடைய கணவர், நான்கு பெண் குழந்தைகள். எனக்கு நிலவறையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சோபாப் படுக்கை. அந்த வீட்டில் எல்லோரும் எல்லோரிடமும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முதல் வாரம் தலை வலித்தது. ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை அம்மாவுக்கு எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

ரஸ்ஸல் அவ்வப்போது செய்தி அனுப்புவார். ஃப்ளாட்டில் அடுப்பு எரியவில்லை, பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது, இப்படி. லோர்னாவிடமிருந்து எதுவும் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பிய வாழ்த்துக்கும் பதில் இல்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ட்ரிஷாவின் மூன்றாவது மகள் நிலவறைப் படியில் நின்று, "ஜோரி, வெளிய கார்ல ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. கூப்பிட்டா உள்ள வர மாட்டேங்கறாங்க" என்றாள்.

லோர்னா எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். ஜன்னலை இறக்கி, "எனக்கு இன்னும் கோபம் போகல" என்றார்.

"சரி."

"நீ இருந்த அறைக்கு நீலப் பெயின்ட் அடிச்சேன். தனியாவே அடிச்சேன். முதுகு போச்சு." சாலையைப் பார்த்தார். "முதல் மாசம் ரொம்ப மோசம். இப்ப பரவாயில்ல. வீட்ல என் இஷ்டத்துக்கு விளக்கப் போட்டுக்கறேன், அணைக்கறேன். உன்கிட்ட சொல்லணும்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

காலுறையோடு பனியில் நின்றேன்.

"செருப்புகூடப் போடாம நிக்கறா பாரு" என்று அதட்டிவிட்டு, பக்கத்து இருக்கையில் இருந்த பையை எடுத்துப் பின்னால் வீசினார். "ஏறு. சாப்பிட்டியா இல்லையா?"

இல்லை என்றேன். சாப்பிட்டிருந்தேன்.